ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

"மாமா, இம்புட்டுத் தட்டையா இருக்கே, இதுக்குள்ள மயிலு எப்படி மூச்சு விடும்?"

பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஐந்து வயதுச் சத்தியப்பிரியா கேட்ட கேள்வி இது. உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாய், கறுப்பாய் ஒரு ஃப்ளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அம்மா ஈஸ்வரி அப்போது சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் விற்று, திருப்பூரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை வாங்கி, காரைக்குடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து இறக்கியிருந்தாள். மூன்று நாளாயிற்று. மோட்டார் ஓடுகிறது, ஊசி இறங்குகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் ஃப்ளாப்பியில் ஏற்றிவந்த மயில் டிசைனை மட்டும் மெஷின் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் போட்டுப் பார்த்தால் மயில் தோகை விரிக்கிறது. இங்கே போட்டால் ஒன்றுமில்லை.

கேள்வியைக் கேட்டு வாசலில் நின்றபடி சிரித்தவர் உதயகுமார். அடுத்த தெருவில் இதே போன்ற மெஷின் வைத்திருந்தவர். அதாவது ஈஸ்வரிக்குப் போட்டிக் கடைக்காரர்.

"இந்தா பாரு ஆத்தா, இதான் கதவு" என்று ஃப்ளாப்பியின் ஓரத்திலிருந்த தகரத் தகட்டைக் கால் அங்குலம் நகர்த்திக் காட்டினார். உள்ளே பழுப்பாய் ஒரு மெல்லிய வட்டம் தெரிந்தது. "மிஷினுக்குள்ள போனதும் அதுவே கதவைத் தொறந்து மயிலுக்குக் காத்து விடும். நாம தொறந்து தொட்டமுன்னா மயிலுக்குக் கண்ணு வலிக்கும். தொடக்கூடாது, சரியா?"

பிறகு ஈஸ்வரி பக்கம் திரும்பினார். "கடையில இப்பக் கெடைக்கிற ஃப்ளாப்பி நெருக்கி நெருக்கி எழுதுறது தாயி. 1.44ம்பாக. நம்ம மிஷினு பழைய கெழவி. எடம் விட்டு எழுதுன 720தான் அதுக்குக் கண்ணு தெரியும். ஒரே தட்டுதான், ஆனா கம்ப்யூட்டரு எழுதுற எழுத்து வேற, இது படிக்கிற எழுத்து வேற. இந்த மூலையில ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அதுல டேப்பை ஒட்டிருங்க. கம்ப்யூட்டரு அதைப் பழைய ஃப்ளாப்பின்னு நெனைச்சு எடம் விட்டு எழுதிக் குடுத்துரும்."

சாயங்காலமே மயில் தைத்தது. மறுநாள் உதயகுமார் ஒரு பெட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். அசல் 720 ஃப்ளாப்பிகள், பத்து. அந்தக் காலத்திலேயே அவை கிடைக்காத சரக்கு. விலை கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டார்.

"வெலையெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுல இது தெரியக்கூடாது. பக்கத்துத் தெருவுல போட்டிக் கடை வந்துருச்சுன்னு ரேணுகா நாலு நாளாச் சரியாச் சாப்பிடல. நாந்தான் அந்தக் கடையைத் தொறந்து வச்சேன்னு தெரிஞ்சா எனக்கும் சாப்பாடு கெடைக்காது."

ஈஸ்வரி சொல்லவில்லை. அவர் இருந்தவரை சொல்லவில்லை. போன பங்குனியில் அவர் நெஞ்சுவலியில் போனபோது, இழவு வீட்டில் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அப்போதும் சொல்லவில்லை. ரேணுகா அவளோடு பேசி எட்டு வருஷமாகியிருந்தது. ஒரே மின்கம்பத்தில் இருவர் போர்டும் தொங்க, ஈஸ்வரியின் போர்டு காற்றில் திரும்பி ரேணுகாவின் போர்டை மறைத்துவிட்டது. அதில் வந்த சண்டை. இப்படிப்பட்ட சண்டைகளுக்கு ஆயுள் அதிகம். காற்று மறுநாளே திசை மாறிவிட்டது, மனசுதான் மாறவில்லை.

இது நடப்பது இந்த ஆயுத பூஜைக்குப் பிறகு. தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில், ஜவுளிக்கடை பாண்டிமுருகன் ஈஸ்வரியின் கடைக்கு வந்து விசிறிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இருநூறு ரவிக்கைத் துணி. கையில பூ வேலை. தீபாவளிக்கு நாலு நாளைக்கு முந்தி வேணும். எடுத்துக்கிறியா?"

"அது உதயகுமார் அண்ணன் கடை ஆர்டராச்சேண்ணே? ஆத்தங்குடிப் பூவு?"

ஆத்தங்குடிக் கல்லில் வருமே, நாலு இதழ் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தரை முழுக்க ஓடும் பூ. அதை ரவிக்கைக் கையில் கொண்டுவந்தவர் உதயகுமார். வீடு வீடாகப் போய்த் தரையில் மண்டி போட்டு அளந்து, மூன்று வாரம் உட்கார்ந்து தையல் தையலாய் அமைத்தது. போன தீபாவளிக்குக் காரைக்குடியில் பாதிப் பெண்கள் கையில் அந்தப் பூதான்.

"அந்தப் பூவுதான் செத்துப்போச்சே" என்றார் பாண்டிமுருகன். "ஃப்ளாப்பியெல்லாம் கெட்டுப்போச்சாம். அந்தம்மா அழுகுது. நான் என்ன செய்ய? வெள்ளிக்கிழமை காலைல வரைக்கும் பாப்பேன், இல்லாட்டித் துணியைத் தூக்கிருவேன்னு சொல்லிட்டேன். நீ உங்கிட்ட இருக்கிற ஏதாச்சும் கொடியைப் போட்டுக் குடு. அந்தம்மா இனிமே எங்குட்டு ஓட்டப் போகுது? திருப்பூர் புரோக்கரு ரெண்டு தடவை வந்து மிஷினைப் பாத்துட்டுப் போய்ட்டான். இந்தத் தீபாவளி தப்புச்சுன்னா குடுத்துட்டு மகன் வீட்டுக்குப் போயிருவேன்னு அதுவே சொல்லுது."

இருநூறு ரவிக்கை என்றால் சின்ன ஆர்டர் இல்லை. ஈஸ்வரியும் மனுஷிதான். ஒரு நிமிஷம் அவள் மனம், கடையில் இருந்த நூல் போதுமா என்று அலமாரியைப் பார்த்தது. பார்த்ததற்காக உடனே வெட்கப்பட்டது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கண்ணே."

"என்ன, ரேட்டு பத்தலையா? அஞ்சு ரூபா கூட்டிப் போடு."

"ரேட்டைப் பத்தி இல்லண்ணே."

"பத்து?"

"அண்ணே, காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றாள் ஈஸ்வரி.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனதும் கடையைச் சாத்திவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வேல்பாண்டியிடம் போனாள். இந்த ஊரில் எந்தப் பெட்டி பழுதானாலும் அவனிடம்தான் வரும். அவன் மேஜைமேல் ஒரு பிஸ்கட் டப்பா, அதில் ஃப்ளாப்பிகள்.

"இதைப் பாருங்கக்கா. முப்பத்தொண்ணு. ஒண்ணு விடல" என்று ஒன்றை எடுத்துத் தகரக் கதவை நகர்த்தினான்.

உள்ளே, தொடக்கூடாத அந்தப் பழுப்பு வட்டத்தின் மேலேயே, காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"அடி ஆத்தே!"

"ஆயுத பூஜைக்கு வச்சது. உதயகுமாரண்ணன் இருந்தவரைக்கும் மேல லேபிள்ல ஒரு பொட்டு வப்பாரு. இந்த வருசம் அந்தக்கா தனியாக் கும்பிட்டுருக்கு. 'வெளிய வச்சா பிளாஸ்டிக்குக்கு வச்ச மாதிரில்ல தம்பி, பூவு உள்ளதான இருக்கு'ன்னு ஒவ்வொரு கதவா நகட்டி, உள்ள வச்சிருச்சு. மறுநாளு ஒண்ணொண்ணா மிஷின்ல போட்டுருக்கு. சந்தனம் போயி டிரைவுல அப்பி, அதுவும் நின்னுருச்சு. டிரைவை ஸ்பிரிட்டு போட்டுத் தொடைச்சுச் சரி பண்ணிட்டேன். ஆனா இதுகளை என்ன செய்யிறது? என் லேப்டாப்புல சொருகுற டிரைவுக்கு 1.44 மட்டுந்தான் தெரியும். சுத்தமான 720யவே அது படிக்காது. இதைப் போட்டதும் 'ஃபார்மட் பண்ணவா'ன்னு கேக்குது. அந்தக்கா, 'பண்ணுங்க தம்பி, கேக்குதுல்ல'ங்குது. பண்ணுனா பூவு மொத்தமும் அழிஞ்சிரும்னு கையைப் பிடிச்சு நிறுத்துனேன்."

சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஈஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் இல்லாத முதல் பூஜையில், அவர் செய்த வேலை அத்தனைக்கும் தன் கையால் மரியாதை செய்ய நினைத்திருக்கிறாள் ஒருத்தி. மேலுக்குச் செய்தால் போதாது என்று நினைத்தாள், அவ்வளவுதான் தப்பு.

"மதுரையில குடுத்துத் திரும்ப வரையச் சொல்ல முடியாதா?"

"தீபாவளி நெரிசல். பத்து நாளுங்கிறான். அந்தக்கா விட்டுருச்சு. பாவம், ஊசி ஓடாட்டியும் காலைலயும் மத்தியானமும் மிஷினை ஆன் பண்ணி, கும்பிட்டுட்டுத்தான் உக்காருது. இதுகளைக் குப்பையில போடக்கூடாதாம், சாமிப் பொட்டு வச்சதாம். ஊருணித் தண்ணியில விட்டுரச் சொல்லிருச்சு."

"குடு, நான் அந்தப் பக்கந்தான் போறேன். தண்ணியில நான் விடுறேன்."

சொன்னது பொய்யில்லை. எந்தத் தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை, அவ்வளவே.

வீட்டில் ஆளில்லை. மகள் திருச்சியில் படிக்கிறாள். கணவன் செல்வம் புதுவயல் அரிசி மில் லாரியில் கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். ஈஸ்வரி செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, பிள்ளையார்பட்டி இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து உட்கார்ந்தாள்.

முதலில் கை தயங்கியது. பொட்டை அழிப்பதா? அதுவும் ஒரு வீட்டு மனுஷி போன பங்குனியில் இழந்த பொட்டை, இப்போது வேறொரு இடத்தில் ஆசையாய் வைத்திருக்கிறபோது? பிறகு நினைத்தாள்: சாமிக்குச் சந்தனக் காப்புப் போடுகிறார்கள், மறுநாள் அபிஷேகம் செய்து அதை எடுக்கத்தானே எடுக்கிறார்கள். எடுப்பது அவமரியாதையா என்ன? அதுவும் பூஜையில் சேர்ந்ததுதான். "நான் அழிக்கல பிள்ளையாரப்பா, தண்ணி ஊத்துறேன்" என்று வாய்விட்டே சொன்னாள். தயக்கம் விட்டது.

'ஆத்தங்குடிப் பூ' என்று உதயகுமார் கையெழுத்தில் லேபிள் இருந்த ஃப்ளாப்பியைத் தனியாக எடுத்து சாமி மாடத்தில் வைத்தாள். பழகுவதற்கு மற்றவை இருக்கின்றன. ஒன்றை எடுத்து பிளேடால் ஓரத்தைப் பிரித்தாள். உள்ளே இருந்த வட்டம் புகைப்படச் சுருள் போல நெளிந்தது, நடுவில் சின்னத் தகர வில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, மல் துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். சந்தனம் வந்தது. அதோடு பழுப்புத் தோலும் உரிந்து வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பொட்டு இருந்த இடம் கண்ணாடி போலத் தெரிந்தது.

ஒன்று போயிற்று.

இரண்டாவதைத் துடைக்கவில்லை, ஷாம்புத் துளி விட்டு ஊறவைத்தாள். பொறுமை பத்தாமல் கால் மணியில் விரலை வைத்துவிட்டாள். கீறல். அதுவும் போயிற்று. அவை எந்தெந்தப் பூக்களோ. லேபிளைப் பார்க்க மனம் வரவில்லை. "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லி மூன்றாவதை எடுத்தாள். இந்த முறை தட்டை வைத்துவிட்டு எழுந்து போய் சோறு வடித்தாள். குழம்பு கூட்டினாள். துணி துவைத்தாள். விரலை வைத்துவிடுவோமோ என்று பயந்து அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது சந்தனம் தானாகக் கரைந்து தட்டின் அடியில் படிந்திருந்தது. குங்குமம் நீரில் இளஞ்சிவப்பாய்ப் பரவியிருந்தது. வட்டத்தை எடுத்து நூல் சுற்றிய கூம்பின் முனையில் மாட்டிக் காயவிட்டாள். ஒரு கீறல் இல்லை.

மாடத்தில் வைத்ததை அப்புறந்தான் தொட்டாள். அதே மாதிரி ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, மறுபடி ஊறவைத்து. சாயங்காலம் வட்டம் காய்ந்ததும், கடைசியாய் இருந்த இரண்டு புது ஃப்ளாப்பியில் ஒன்றைப் பிரித்து, அதன் வட்டத்தை எடுத்துவிட்டு இதை உள்ளே வைத்து ஓரத்திலும் மூலை ஓட்டையிலும் டேப் போட்டாள். பொட்டுக் கரைந்த தண்ணீரைக் கால்படாத இடமாகப் பார்த்துச் செம்பருத்தி மூட்டில் ஊற்றினாள்.

இனி இதைப் படிக்கவேண்டும். கழுவின வட்டம் எத்தனை முறை தாங்குமோ தெரியாது. படித்த கையோடு இன்னொரு ஃப்ளாப்பிக்கு மாற்றிவிட வேண்டும். அவளுடைய மெஷினில் படிக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டுப் பென் டிரைவ் போடுகிற மாதிரி மாற்றியாயிற்று. வேல்பாண்டியின் டிரைவுக்கு இந்த எழுத்துத் தெரியாது. உள்ளேயே டிரைவ் வைத்த பழைய கம்ப்யூட்டர் இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது? யோசித்து யோசித்து, படுக்கப் போகும்போதுதான் செல்வம் அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது: 'எங்க மில்லு எடைமேடையில ஒரு கம்ப்யூட்டரு இருக்கு பாரு, உங்க ஃப்ளாப்பி காலத்துது. ஒரு லாரிக்கு எடை போடுறதுக்குள்ள நெல்லு மொளைச்சிரும்.'

புதன்கிழமை பத்து மணிக்குப் புதுவயலில் இறங்கினாள். மில் வாசலில் எட்டு லாரிகள் வரிசையில் நின்றன. எடைமேடை அறைக்குள், மூக்கில் கண்ணாடி நழுவ, முத்துக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக அதே நாற்காலி.

"செல்வம் வீட்டுக்காரியா? வா தாயி. அவன் இன்னும் பாலக்காடு தாண்டல."

"உங்களைத்தாண்ணே பாக்க வந்தேன்." விஷயத்தைச் சொன்னாள். ஃப்ளாப்பி யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"இது நெல்லு எடை போடுற கம்ப்யூட்டரு தாயி. பூவு எடை போடாது."

"எடை போட வேணாம்ணே. படிச்சாப் போதும்."

"கழுவுனதுங்கிற. ஈரம் கீரம் இருந்து டிரைவு படுத்துச்சுன்னா மொதலாளி என்னையத் தூக்கி மேடையில வச்சு எடை போட்ருவாரு." ஆனால் கையை நீட்டினார். "டீ வார நேரம். டீ குடிச்சு முடிக்கிற வரைக்குந்தான். இது ஓடுறப்ப எடை ஓடாது."

ஃப்ளாப்பி உள்ளே போனது. பெட்டி கொரகொரவென்று இழுத்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது: படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா?

"விட்ரவாங்குது" என்றார் முத்துக்கருப்பன்.

"மறுபடின்னு குடுங்கண்ணே."

அவர் மறுபடிக்கான ஆர் எழுத்தைத் தட்டினார். கொரகொர. அதே வரி.

"இன்னொரு தடவை."

தட்டினார். அதே வரி. டீ வந்தது, குடித்து முடித்தார். வெளியே ஹாரன் அடித்தார்கள். ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணே, எடை போடுறீகளா, சோசியம் பாக்குறீகளா?"

"ஒனக்குத்தான் பாக்கிறேன். கல்யாணம் நடக்காதுன்னு வருது, போடா!"

பன்னிரண்டாவது தடவைக்கு மேல் முத்துக்கருப்பன் விரலை எடுத்துவிட்டார். "தாயி, வெளியில லாரி நிக்கிது. இது செத்த தட்டு. சும்மா உசுப்பிக்கிட்டு இருக்கோம்."

"அண்ணே, அதை ஒருக்கா வெளிய எடுத்துக் குடுங்க."

வாங்கினாள். பின்பக்கம் நடுவில் தெரிந்த தகர வில்லையை விரல் நுனியால் அரைச் சுற்றுச் சுற்றினாள். சிக்கியிருந்தது நெகிழ்ந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடவில்லை, கும்பிடவில்லை. அதெல்லாம் நேற்றே ஆயிற்று. திரும்ப நீட்டினாள்.

"இன்னும் பத்துத் தடவைண்ணே. அதுக்கு மேல நானே எந்திரிச்சுப் போயிருவேன்."

"யாருக்குத் தாயி இம்புட்டுப் பாடு? ஒனக்கா?"

"வேண்டியவுகளுக்கு."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, "எல்லாரும் இன்னொரு டீ குடிங்கடா, என் கணக்கு!" என்று கத்திவிட்டு, ஆர் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

ஆறாவது தடவை கொரகொர சத்தம் நின்று, பதிலாக டிக் டிக் என்று சீரான சத்தம் வந்தது. நல்ல தையல் ஓடுகிற சத்தம் போல. திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. அதன் கீழே, ஒரு கோப்பு நகலாயிற்று என்று வந்தது.

முத்துக்கருப்பன் கண்ணாடியை மேலே தள்ளினார். "அட, பூத்துருச்சே!"

ஈஸ்வரி பையிலிருந்து இன்னொரு ஃப்ளாப்பியை எடுத்தாள். மூலை ஓட்டையில் டேப் ஒட்டியாயிற்று. "இதை 720ன்னு போட்டு ஃபார்மட் பண்ணிட்டு ஏத்துங்கண்ணே. 1.44ல ஏத்துனா அந்த மிஷினு படிக்காது."

"ஒனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தரு" என்றாள். முதல் லாரி மேடையில் ஏறும்போது ஃப்ளாப்பி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் இட்லிப் பானையின் ஆவியில், வட்டம் எடுத்த பழைய ஃப்ளாப்பிக் கூட்டைக் காட்டி, உதயகுமார் கையெழுத்து இருந்த லேபிளைக் கிழியாமல் உரித்தெடுத்தாள். புது ஃப்ளாப்பியில் ஒட்டினாள். இது ஏமாற்றா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். தன் கைங்கரியம் இதில் தண்ணீர் ஊற்றியது மட்டுந்தான், பூ அவருடையது. அப்படியிருக்க மேலே வேறு யார் எழுத்து இருக்க முடியும்? நேராகப் போய் ரேணுகாவிடம் கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள். வாங்கினாலும், உனக்கு எதற்கு இந்த அக்கறை என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். போன மனுஷன் உயிரோடு இருந்தபோது பெண்டாட்டிக்குத் தெரியாமல் வைத்த ஒரே ரகசியத்தை, அவர் இல்லாதபோது அவிழ்ப்பது நியாயமில்லை.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அந்தத் தெருவில் வெயில் மட்டும் இருந்தது. ரேணுகா சாப்பிடப் போகும்போது ஷட்டரைப் பூட்டமாட்டாள். முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போவாள். ஈஸ்வரி செருப்பை வெளியே விட்டாள், பிறகு யாராவது பார்ப்பார்களே என்று கையில் எடுத்துக்கொண்டாள். குனிந்து உள்ளே போனாள்.

பதினைந்து வருஷத்தில் அந்தக் கடைக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. மேஜையில் இருநூறு ரவிக்கைத் துணி, சாக்பீஸால் கை அளவு குறித்து, கட்டுக்கட்டாய் அடுக்கியிருந்தது. பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். ஒரு கட்டு மட்டும் அவிழ்ந்து, பாண்டிமுருகன் கடைப் பைக்குள் பாதி போயிருந்தது. திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. மெஷின் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதன் நெற்றியில் பொட்டு.

எங்கே வைப்பது? மேஜை இழுப்பறையில் வைத்தால் ரேணுகா கண்ணில் படுவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். துணிமேல் வைத்தால் யாரோ வந்து வைத்தார்கள் என்று தெரியும். ஈஸ்வரி மெஷினின் பக்கவாட்டில் இருந்த டிரைவின் வாயில் ஃப்ளாப்பியை லேபிள் மேலே தெரியும்படி வைத்து மெல்லத் தள்ளினாள். க்ளிக் என்று உட்கார்ந்தது. சாப்பிட்டு வந்து ரேணுகா மெஷினை ஆன் பண்ணிக் கும்பிடும்போது அது தானாகப் படிக்கும். பூவின் பெயர் தானாக வரும். அவரே வைத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொள்ளட்டும்.

"உங்க பூவுண்ணே" என்றாள், காற்றுக்கு.

குனிந்து வெளியே வந்து, ஷட்டரை முன்பிருந்த அதே முழங்கால் உயரத்துக்குச் சரிசெய்தாள். தெருமுனை வரை வெறுங்காலோடு வேகமாக நடந்து, அங்கே செருப்பைப் போட்டுக்கொண்டாள்.